நாளைக்குச் சரிபார்க்கணும்

அன்புள்ள சூத்திரக்காரிக்கு,

உனக்கு எழுதி 14 மாதம் ஆயிற்று. மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நீயும்தான் எழுதவில்லை, கணக்கு நேராகிவிட்டது. முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மா நலமா? பெரியவளுக்கு வேலை கிடைத்த செய்தியை 'ஒரு நிமிடம்' சார் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கு உன்னோடு தனியாகச் சண்டை இருக்கிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், முதுகைத் தவிர.

சரி, குசலம் போதும். போன மாதம் ஜெனரேட்டர் தீவுக்குப் போய் வந்தேன்.

ஆமாம், அதே தீவுதான். 16 வருடம் கழித்து. நாம் எழுதிக் கொடுத்த சுற்றுலாத் திட்டத்தை மறு ஆய்வு செய்ய ஆள் தேடினார்கள். சொந்தப் பரீட்சைத் தாளை நானே திருத்தலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. 'அந்தத் தீவில் முன் அனுபவம்' என்று அதற்குத் தனி மதிப்பெண்ணே கொடுத்தார்கள். என்ன வேலை என்று விவரித்துக் கொடுத்த டி.ஓ.ஆரின் மூன்றாம் பக்கத்தில் அது இருந்தது: 'அறிவியல் முறைப்படி ஏற்கெனவே நிர்ணயிக்கப்பட்ட தாங்குதிறன்.' அதாவது, ஒரு நாளைக்குத் தீவு எத்தனை பயணிகளைத் தாங்கும் என்று நாம் போட்டுக் கொடுத்த எண். படித்ததும் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி வயிற்றைக் கலக்கியது.

படகுத்துறையில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது நம் எண்தான். நீலப் பலகை, வெள்ளை எழுத்து, ஆள் உயரம். ஒரு நாளைக்கு இத்தனை பேர் மட்டும் என்று. எந்த எண் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. கடைசி இலக்கம் ஏழாக இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று சொன்னவள் நீதான். பிலிப்பைன்ஸில் போராக்காய் தீவை 2018-இல் ஆறு மாதம் மூடிச் சுத்தம் செய்துவிட்டு, ஒரே நேரத்தில் 19,215 சுற்றுலாப் பயணிகள் வரை இருக்கலாம் என்று அறிவித்தார்களே, அப்போதே அந்தக் கடைசிப் பதினைந்தைப் பார்த்து உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். 2022-இல் புனித வாரக் கூட்டத்தில் அவர்களே அதைத் தாண்டிவிட்டார்கள் என்பது வேறு கதை.

என் நினைவு சரியா என்று நீதான் சொல்ல வேண்டும். தாங்குதிறனைக் கணக்கிட சிஃபுவென்டெஸ் என்ற ஆய்வாளர் 1992-இல் கொடுத்த முறையைத்தான் பிடித்துக்கொண்டோம். பாதையின் நீளம், ஆளுக்கு ஒரு மீட்டர், குழுவுக்குக் குழு 50 மீட்டர் இடைவெளி, திறந்திருக்கும் நேரத்தைச் சுற்றிவரும் நேரத்தால் வகுத்துப் பெருக்கு. அதுவரை நாடா வைத்து அளந்ததுதான், சத்தியம். மழை, வெயில், மண் அரிப்பு என்று கழித்ததும் பரவாயில்லை, ஏதோ ஆதாரம் இருந்தது. கடைசிப் படிதானே நிர்வாகத் திறன்! ஒரே ஒரு காவலர், எஞ்சின் கழற்றிய ரோந்துப் படகு, பூட்டிக் கிடந்த கழிப்பறை. இதற்கு நூற்றுக்கு எத்தனை போட்டுப் பெருக்குவது? நீ 70 என்றாய், நான் 40 என்றேன். ஜெனரேட்டர் நின்றது. டார்ச் வெளிச்சத்தில் 55 என்று எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டாய். விடிவதற்குள் காற்று மாறுகிறது என்று படகுக்காரர் கதவைத் தட்டினார்.

ஊருக்குத் திரும்பியதும் பரண்மேல் ஏறி அந்த நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பென்சிலில் உன் கையெழுத்து: '55. நாளைக்குச் சரிபார்க்கணும்.'

அந்த நாளை இன்னும் வரவில்லையடி.

பலகையோடு போயிருந்தால் இவ்வளவு நீளக் கடிதம் எழுத மாட்டேன். அந்த எண்ணை அந்த வருடம் பதிவு செய்திருந்த படகுகளுக்குப் பங்கு போட்டு டோக்கனாகக் கொடுத்திருக்கிறார்கள். பதிவு நடந்த வாரம் கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு டோக்கன் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. டோக்கன் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது படகே ஓட்டுவதில்லை, டோக்கனை வாடகைக்கு விடுகிறார்கள். நாம் டார்ச் வெளிச்சத்தில் போட்ட ஒரு பெருக்கல் அங்கே பரம்பரைச் சொத்தாகிவிட்டது. மகளுக்குச் சீராக ஒரு டோக்கனைக் கொடுத்த கதையும் கேட்டேன்.

இன்னொன்று இதைவிட மோசம். நாம் எண்ணியது படகுத்துறையில் இறங்கும் தலைகளை. கட்டில்களை யார் எண்ணினார்கள்? அறை பதிவு செய்து வருகிறவர்களுக்கு டோக்கன் தேவையில்லை என்று பின்னால் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. பகலில் வந்து மாலையில் திரும்புகிறவனுக்குக் கட்டுப்பாடு, இரவு தங்கிக் குளித்து நீச்சல் குளம் நிரப்புகிறவனுக்கு வரவேற்பு. தீவின் தெற்கு முனையில் வரிசையாக விடுதிகள். ஒவ்வொன்றிலும் ஆழ்துளைக் கிணறு. பள்ளிக்கூடத்துக் கிணற்றில் இப்போது சோப்பு நுரைப்பதில்லை.

நீ நிலத்தடி நீர் படித்தவள்! சிறு தீவில் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது, கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நின்றால் கீழே 40 மீட்டர் இருக்கும், மேலே கொஞ்சம் இறைத்தால் கீழே உப்பு அத்தனை மடங்கு ஏறி வரும் என்று ரயிலில் இரண்டு மணி நேரம் என் தூக்கத்தைக் கெடுத்துச் சொன்னவள். தீவைக் கட்டுப்படுத்துவது பாதையின் அகலம் அல்ல, கிணறு என்று உனக்கு ஏன் தோன்றவில்லை? சரி, எனக்கும் தோன்றவில்லை. டி.ஓ.ஆரில் கிணறு இல்லை.

ஊர்க் கூட்டத்துக்கு வருகிறேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். 25 வயது இருக்கும், அந்தப் பள்ளியில் ஆசிரியை. நாம் பாதை அளந்தபோது நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடிய பிள்ளைகளில் தானும் ஒருத்தி என்றாள். 'நான் பிடித்த இடத்திலிருந்து அந்த எண் எப்படி வந்தது என்று சொல்வீர்களா?' அவ்வளவுதான் கேட்டாள். கோபம் இல்லை. அவளுடைய அப்பா பதிவு வாரத்தில் கடலில் இருந்தவர் என்று அப்புறம் தெரிந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'சர்வதேச அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு முறை.' வாயில் அது எவ்வளவு சுலபமாக வருகிறது! கூட்டத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சுற்றுலா ஆய்வாளர் டாக்ஸி 1975-இல் சொன்னாரே நாலு படி, மகிழ்ச்சி, அலட்சியம், எரிச்சல், பகைமை என்று. பயணிகளைப் பார்த்து ஊர்க்காரர்கள் ஏறும் படிகள் அவை. கன்சல்டன்ட்களைப் பார்த்தும் அதே படிகளில்தான் ஏறுகிறார்கள். நாம் போனபோது முதல் படியில் நின்றார்கள், மாலை போட்டார்கள். இப்போது மூன்றாம் படி.

இதற்கு நடுவில் எங்கள் டீம் லீடர். நல்ல மனிதர், எட்டு நாட்டில் எட்டு அறிக்கை, எட்டுக்கும் ஒரே முன்னுரை. இந்த வரைவில் ஒரு பத்தியில் போன நாட்டின் பெயர் மாறாமல் நின்றிருந்தது. அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது. நீ இருந்திருந்தால் இரண்டு நாள் சிரித்திருப்பாய். ஆனால் சூத்திரம் அவருக்கும் தெரியும். காவலர்கள் ஆறு பேர் ஆகிவிட்டார்கள், படகு ஓடுகிறது, கழிப்பறை திறந்திருக்கிறது, ஆகவே நிர்வாகத் திறன் 55 இல்லை, 80 என்கிறார். 80 போட்டால் நம் எண் கிட்டத்தட்டப் பாதி அளவு கூடிவிடும். முறைப்படி அதில் தப்பே கண்டுபிடிக்க முடியாது. வடக்குக் கரையில் நிலம் வாங்கி வைத்திருப்பவர்கள் இந்தப் பெருக்கலுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

இப்போது என் சிக்கல் புரிகிறதா? அந்த 55 ஒரு ஊகம் என்று நான் அறிக்கையில் எழுதினால், 'அப்படியானால் கட்டுப்பாட்டுக்கே ஆதாரம் இல்லை' என்று அதைப் பிடித்துக்கொள்ள ஆள் தயாராக நிற்கிறது. எழுதாவிட்டால் 80 வந்து உட்காரும், அதுவும் நம் அறிக்கையின் தோள்மேல். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு எப்படியும் டோக்கன் கிடைக்காது. மூன்று இரவு தூக்கமில்லை. எண் தப்புதான். ஆனால் அந்தத் தப்பான எண்தான் 16 வருடமாக வடக்குக் கரையைக் காப்பாற்றியிருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது, உன்னைத் தவிர?

பூட்டான்காரர்கள்மேல் எனக்கு இப்போது பொறாமை. அவர்கள் வைத்தது தலைக்கணக்கு இல்லை, கட்டணம். ஒரு இரவுக்கு 65 டாலராக இருந்ததை 2022 செப்டம்பரில் 200 ஆக்கினார்கள், ஒரு வருடத்தில் 100 ஆக இறக்கினார்கள். சரியோ தப்போ, பலகையை அழித்து எழுதும் தைரியம் இருந்தது. தாய்லாந்தின் மாயா விரிகுடாவையும் பார். 2018 ஜூனில் மூடி 2022 ஜனவரியில் திறந்தபோது, ஒரு நேரத்தில் இத்தனை பேர் என்று எண்ணும் வைத்தார்கள்தான். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: படகுகளை விரிகுடாவுக்குள்ளேயே விடவில்லை. படகுத்துறையைத் தீவின் பின்பக்கம் கொண்டுபோய்விட்டார்கள், ஆட்கள் நடந்து வரட்டும் என்று. ஒவ்வொரு வருடமும் இரண்டு மாதம் மூடுகிறார்கள். கருந்துடுப்புச் சுறாக்கள் கரையோரம் திரும்பி வந்தன. பவளத்தை உடைத்தது தலையா நங்கூரமா என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நாம் யோசிக்கவில்லை.

யோசிக்க வழி இல்லாமலும் இல்லை. அமெரிக்க வனத்துறைக்காரர்கள் 1985-லேயே 'ஏற்கத்தக்க மாற்றத்தின் எல்லை' என்று எழுதி வைத்துவிட்டார்கள். எத்தனை பேர் வரலாம் என்று கேட்காதே. எந்த மாற்றத்தை, எதுவரை பொறுத்துக்கொள்வாய், அதைத் தாண்டினால் என்ன செய்வாய் என்று கேள். நாம் தீவுக்குப் போனபோதே அதற்கு இருபது வயது தாண்டிவிட்டது. இரண்டு பேரும் படித்திருந்தோம். ஆனால் அமைச்சகம் எண் கேட்டது, எண்ணைத்தான் அரசாணையில் எழுத முடியும் என்றது, கொடுத்தோம். அறிக்கை கொடுத்தால்தான் கடைசித் தவணை.

இனி நான் செய்த குறும்பைச் சொல்கிறேன், திட்டாதே. கடைசி மூன்று நாள் டி.ஓ.ஆரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு அந்த ஆசிரியையோடு சுற்றினேன். கையடக்க உப்பு மீட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. 11 கிணறுகள். ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் கயிறு விட்டு ஆழம் பார்த்தார்கள், தண்ணீர் மொண்டு வந்தார்கள், அவள் கரும்பலகையில் எழுதினாள். தெற்கே போகப்போக எண் ஏறிக்கொண்டே போனது. ஒரு கிழவர் மீட்டரை ஒதுக்கிவிட்டு நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துக் கிணறுகளை வரிசைப்படுத்தினார். ஒன்றே ஒன்றில்தான் மீட்டரிலிருந்து மாறினார். திரும்ப அளந்தேன். அவர் சொன்னதுதான் சரி, நான் வாளியைக் கழுவவில்லை. இத்தனை வருட வேலையில் இவ்வளவு சந்தோஷமான மூன்று நாள் எனக்கு நினைவில்லை. மாதத்துக்கு ஒரு முறை அளப்பதாகச் சொல்லியிருக்கிறாள். மீட்டரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். 'கடலில் விழுந்துவிட்டது' என்று கணக்குக் காட்டியிருக்கிறேன், இதை மட்டும் 'ஒரு நிமிடம்' சாரிடம் சொல்லிவிடாதே.

என் யோசனை இதுதான். எண்ணைக் கூட்டவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம், இப்போதைக்கு அப்படியே நிற்கட்டும். கிணறு, கட்டில், நங்கூரம் என்று மூன்றை ஊர்க்காரர்களே ஒரு வருடம் அளக்கட்டும். பள்ளிக்கூடத்துக் கிணறு இன்ன அளவு உப்பைத் தாண்டினால் புதிய ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுமதி இல்லை என்று எழுதுகிறேன். அந்த அளவை ஊர்க் கூட்டம் சொல்லட்டும், நான் சொல்லப்போவதில்லை. டோக்கனை ஓட்டுகிறவர்கள் பெயருக்கு மாற்றச் சொல்கிறேன். டீம் லீடர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் இணைப்பு 4-இல் அந்த 55 எப்படி வந்தது என்று உள்ளபடி எழுத வேண்டும். டார்ச் உட்பட. அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பழைய அறிக்கையின் அட்டையில் உன் பெயரும் இருக்கிறது. நீ இப்போது பாடம் நடத்துகிறவள், பிள்ளைகள் நாளைக்குத் தேடிப் பிடித்துப் படிப்பார்கள். (இன்னும் அந்தச் சூத்திரத்தைத்தான் நடத்துகிறாயா? உண்மையைச் சொல்.) உன்னைக் கேட்காமல் எழுத மாட்டேன். உன் பெயர் வேண்டாம் என்றால் என் பெயரை மட்டும் போட்டுக்கொள்கிறேன், அதில் எனக்கு வருத்தமில்லை. பொய் சொல்கிறேன், கொஞ்சம் வருத்தம்தான்.

நோட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். வரைவு 20-ஆம் தேதி போக வேண்டும். அதற்குள் ஒரு வரி எழுது. இந்த முறை 14 மாதம் எடுத்துக்கொள்ளாதே.

அம்மாவுக்கு என் வணக்கம். பெட்டி தொலைத்தவள் உன்னைக் கேட்டாள். இந்த முறையும் தொலைத்துவிட்டாள்.

உன்
இணைப்பு நாலு

பி.கு.: 40 சொன்னது நீ, 70 சொன்னது நான் என்று பதில் எழுதலாம் என்று பார்க்காதே. பக்கத்தின் ஓரத்தில் இரண்டு எண்ணும் இருக்கின்றன, பக்கத்திலேயே இரண்டு பேர் முதலெழுத்தும்.