கருவிக் குறிப்பில் என்ன எழுத வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏஐ ஏஜென்ட் (நாம் சொல்லும் வேலையைத் தானே செய்து முடிக்கும் மென்பொருள்) சொதப்பினால், அதன் மூளையான ஏஐ மாடலைத் திட்டுகிறார்கள். கோளாறு பலமுறை கருவியின், அதாவது பணம் அனுப்புவது போன்ற ஒரு வேலைக்காக ஏஜென்ட் அழைக்கும் நிரலின், விளக்கக் குறிப்பில்தான் இருக்கிறது. 'தேதி' என்று மட்டும் எழுதினால் 03/04/2025 மார்ச்சா, ஏப்ரலா? 2025-04-03 என்று உதாரணத்தோடு கேளுங்கள். தொகை ரூபாயிலா, பைசாவிலா என்பதும் அப்படித்தான். பைசாவில் கணக்கிடும் கருவிக்கு, ரூபாய் என்று நினைத்து 500 என்று அனுப்பினால் ஐந்து ரூபாய்தான் போகும்.

'தவறான உள்ளீடு' என்று மொட்டையாகப் பிழைச் செய்தி வந்தால் ஏஜென்ட் அதே அழைப்பைத் திரும்பத் திரும்ப அனுப்பக்கூடும். 'கைப்பேசி எண் 10 இலக்கம் வேண்டும், 9 வந்தது' என்றால் திருத்திக்கொள்ளும். பணம் அனுப்பும் கருவியில் மறுமுயற்சி செய்யலாமா என்று சொல்லாவிட்டால், டைம்அவுட் ஆனதும் (குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால்) இரண்டாவது முறையும் பணம் போய்விடலாம். எப்போது அந்தக் கருவியைத் தொடக் கூடாது? அந்த ஒரு வரியைத்தான் பலரும் எழுதுவதே இல்லை.

– மென்பொருள் ஆவணம் எழுதுவோர், கோவை