‘இஃப்’ பயிற்சிக்குக் கோடிட்ட இடம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மாணவர் இணைப்பில் வரும் ‘இஃப்’ வாக்கியப் பயிற்சியையும் ‘டு’ சேர்ந்த வினைப் பயிற்சியையும் சேலம் வட்டாரத்தில் பல பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பயிற்சி முழுக்கக் கோடிட்ட இடத்தை நிரப்புவதாகவே இருக்கிறது. ஒரு பாதியில் ‘வுட்’ அச்சாகியிருந்தால் மறு பாதியில் இறந்தகாலம் போட வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். வாக்கியத்தைப் படிக்காமலே பத்துக்குப் பத்து வாங்கிவிடலாம். அதே பிள்ளையிடம் ‘பணம் இருந்தால் வாங்குவேன்’ என்பதை ஆங்கிலத்தில் கேளுங்கள். ‘இஃப் ஐ வில் ஹாவ் மணி’ என்று தொடங்கும்.

தமிழில் ‘இருந்தால்’ என்ற ஒன்றே போதும். பணம் வர வாய்ப்பு உண்டா, வெறும் ஆசையா என்பதைக் கேட்கிறவர் புரிந்துகொள்வார். ஆங்கிலத்திலோ பேசுகிறவரே முதலில் முடிவு செய்துவிட வேண்டும். வரக்கூடும் என்றால் ‘இஃப் ஐ ஹாவ் மணி, ஐ வில் பை இட்’. வராது, சும்மா சொல்கிறேன் என்றால் ‘இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை இட்’. இந்த ‘ஹேட்’ உருவத்தில்தான் இறந்தகாலம். நேற்றைய பணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. இதைச் சொல்லிக் கொடுக்காமல் சூத்திரத்தை மட்டும் கொடுப்பதால்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

முதல் வகை (நடக்கக்கூடியது), இரண்டாம் வகை (வெறும் கற்பனை), மூன்றாம் வகை (நடக்காமலே முடிந்துபோனது) என்ற வரிசையில் நடத்துவதே வழக்கம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மூன்றாவதை முதலில் எடுக்கலாம் என்பது எங்கள் கருத்து. ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்பதில் இரண்டு பக்கமும் ‘இரு’ இருக்கிறது. முதல் ‘இரு’வுக்கு ‘ஹேட்’, இரண்டாவதற்கு ‘வுட் ஹாவ்’: ‘இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹாவ் கம்’. ‘இஃப்’ பக்கம் ‘வுட்’ ஏறக்கூடாது என்பதும் இதிலேயே பிடிபட்டுவிடும். ‘இஃப் ஐ வுட் ஹாவ் நோன்’ என்பதுதான் இங்கே அடிக்கடி திருத்த வேண்டியிருக்கும் பிழை.

பயிற்சிக்கு ஊர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். சேர்வராயன் மலையில் மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் பத்து நாளுக்குள் காப்பிச் செடி பூத்துவிடும். வருஷா வருஷம் நடக்கிற பொது உண்மையாகச் சொன்னால் ‘இஃப் இட் ரெய்ன்ஸ் இன் மார்ச், த காஃபி ஃப்ளவர்ஸ்’. வானம் கறுத்திருக்கிறது, இந்த வாரம் பெய்யலாம் என்றால் ‘இஃப் இட் ரெய்ன்ஸ் திஸ் வீக், த காஃபி வில் ஃப்ளவர்’. மழையே வராமல் மே மாதம் பிறந்துவிட்டது என்றால் ‘இஃப் இட் ஹேட் ரெய்ன்ட், த காஃபி வுட் ஹாவ் ஃப்ளவர்ட்’. மழையும் அதேதான், காப்பியும் அதேதான். மாறுவது சொல்கிறவர் நிற்கிற இடம்.

ஒரு நாளைக்கு ஐந்து தமிழ் வாக்கியம் போதும். ஆங்கிலத்துக்குப் போகுமுன் ஓரத்தில் ‘நடக்கலாம்’, ‘கற்பனை’, ‘முடிந்தது’ என்று குறிக்க வேண்டும். பிறகு வாய்விட்டுச் சொல்லி, அதன்பின் எழுத வேண்டும். எழுதியதும் இரண்டு பாதியையும் இடம் மாற்றி எழுதினால், ‘இஃப்’ பின்னால் போகும்போது நடுவில் காற்புள்ளி இல்லாமல் போவதும் பழகும். மூன்று நாள் கழித்து ஆங்கிலத்தை மறைத்துக்கொண்டு, தமிழை மட்டும் பார்த்து மறுபடி சொல்ல வேண்டும். ‘அன்லெஸ்’ வந்தால் கூடுதல் கவனம்: அதற்குள்ளேயே ‘இல்லை’ இருக்கிறது. ‘அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி’ என்றால் அர்த்தம் தலைகீழாகிவிடும்.

‘டு’ விஷயத்தில் நிரப்பும் பயிற்சி இன்னும் மோசம். எங்கே ‘டு’ வரும் என்பதைக் கோடே காட்டிக் கொடுத்துவிடுகிறது. பிள்ளைகள் தடுக்கி விழுவது வேறு இடங்களில். ‘வாங்கப் போனேன்’ என்பது ‘ஐ வென்ட் ஃபார் பையிங்’ ஆகிவிடுகிறது. ‘டு பை’ போதும். ‘அவன் வர வேண்டும் என்று விரும்புகிறேன்’ என்பதை ‘ஐ வான்ட் தட் ஹீ ஷுட் கம்’ என்று எழுதுகிறார்கள். ‘ஐ வான்ட் ஹிம் டு கம்’ என்பதே சரி. ‘கேன்’, ‘மஸ்ட்’ பின்னால் ‘டு’ கிடையாது. ‘மேக்’ பின்னாலும் கிடையாது: ‘ஷீ மேட் மீ வெயிட்’. ஆனால் செயப்பாட்டுவினையில் போன ‘டு’ திரும்பி வந்துவிடும்: ‘ஐ வாஸ் மேட் டு வெயிட்’. ‘குடிக்க முடியாத சூடு’ என்பதற்கு ‘டூ ஹாட் டு டிரிங்க்’ போதும். ‘டூ’விலேயே ‘முடியாது’ அடங்கிவிட்டது, தனியாக ‘நாட்’ வேண்டாம்.

‘ஸ்டாப்’ பின்னால் ‘டு’ சேர்ந்த வினையும் வரலாம், ‘இங்’ சேர்ந்த வினையும் வரலாம், பொருள்தான் வேறு. ஏற்காட்டுக்கு ஏறும்போது, 20 கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒன்றில் டீக்காக வண்டியை நிறுத்தினால் ‘த டிரைவர் ஸ்டாப்டு டு டிரிங்க் டீ’. ‘ஸ்டாப்டு டிரிங்கிங் டீ’ என்று எழுதினால் மனுஷன் டீயையே விட்டுவிட்டார்! விண்ணப்பக் கடிதங்களில் வரும் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’வும் தப்பு, அந்த ‘டு’ வினையோடு சேர்ந்ததல்ல, ‘மீட்டிங்’ என்றே வர வேண்டும். பெரியவர்களே சறுக்குகிற இடம் இது.

ஆகவே இணைப்பில் வாரம் ஒரு முறையாவது கோடிட்ட இடம் இல்லாமல் தமிழ் வாக்கியங்களை மட்டும் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம். விடையை மறுநாள் போடலாம். ‘பணம் இருந்தால்’ போல இரண்டு விடைக்கு இடமுள்ள வாக்கியத்துக்கு இரண்டையும் போட்டு, எந்தச் சந்தர்ப்பத்துக்கு எது என்று ஒரு வரி சேர்த்தால் வீட்டில் தானாகப் படிக்கிற பிள்ளைக்கும் விளங்கும்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
சேலம்.