நாலு வயதுக்கு நாலு கோடு நோட்டு எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளி திறந்து மூன்றாவது வாரம். எதிர்வீட்டு மருமகள் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் திண்ணையில் வந்து நின்றார். "டீச்சர், இவ நோட்டு முடிக்கலைன்னு டைரில எழுதி விட்டிருக்காங்க. ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் உக்காந்தும் முடியல. நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

குழந்தை எல்கேஜி. வயது நாலே கால். நாலு கோடு நோட்டில் பெரிய ஏபிசிடி இரண்டு பக்கம், சின்ன ஏபிசிடி இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். எழுதிய மட்டும் பார்த்தேன். எஸ் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. பென்சில் அழுந்திய இடத்தில் பிஞ்சு விரல் சிவந்து கிடந்தது. அன்றைக்கு நோட்டை மூடிவைத்துவிட்டுப் பிள்ளைக்குப் பொரிகடலை கொடுத்து அனுப்பினேன். இந்தக் கடிதத்தை அதற்குப் பிறகுதான் எழுதத் தோன்றியது.

நான் 33 ஆண்டுகள் இடைநிலை ஆசிரியையாக இருந்தவள். 1986இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில்தான் ஆங்கிலம் தொடங்கும். அப்போது நானும் கரும்பலகையில் எழுதிப்போட்டு "பத்து தடவை எழுது" என்றவள்தான். என் வகுப்பில் ஒரு பையன்; கையெழுத்து முத்துக் கோத்த மாதிரி இருக்கும். ஆய்வுக்கு வந்த அதிகாரி அவன் நோட்டைப் புரட்டி மெச்சிவிட்டு, ஒரு சொல்லைத் தொட்டு "இது என்னப்பா?" என்றார். பக்கத்தில் படம் இருந்தது. "மேங்கோ" என்றான். அவர் படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அடுத்த வரியில் அதே சொல்லைக் காட்டினார். பையன் என்னைப் பார்த்தான். அத்தனை நாளும் அவன் கோலம் போடுவதுபோல அந்த எழுத்துகளை வரைந்துகொண்டிருந்திருக்கிறான். அதை எழுத்து என்று நம்பி நான் சிவப்பு மையில் "நன்று" போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று. தமிழில் ட, ப, ம மூன்றையும் ஒரு மெய்ப்புள்ளியையும் காட்டிக்கொடுத்தால் பிள்ளை அன்றைக்கே படம், மடம், பட்டம் என்று படித்துவிடும். எழுத்தைக் கூட்டினால் சொல் வருகிறது. அந்தச் சொல் ஏற்கெனவே பிள்ளைக்குத் தெரிந்த சொல். கண்ணில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அதற்காகத்தான் நாங்கள் எல்லாம் இந்த வேலையில் கிடந்தோம். ஆங்கிலத்தில் ஸி, ஏ, டி என்று கூட்டினால் 'ஸியேட்டி'தான் வரும், பூனை வராது. எழுத்தின் பெயர் ஒன்று, அது எழுப்பும் ஒலி இன்னொன்று. சரி, ஒலியைச் சொல்லிக்கொடுத்துக் 'கேட்' என்று படிக்க வைத்துவிட்டோம் என்றே வையுங்கள். பூனையை அந்தப் பெயரில் ஒருநாளும் கேட்டிராத பிள்ளைக்கு அதனால் என்ன கிடைத்தது?

"இங்கிலாந்தில் நாலு வயதிலேயே ஆரம்பிக்கிறார்களே" என்று படித்த பெற்றோர் கேட்பார்கள். ஆரம்பிக்கிறார்கள், உண்மை. அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரும்போதே ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்களைக் காதில் சுமந்துகொண்டு வருகிறது. நம் பிள்ளை காதில் தமிழைச் சுமந்துகொண்டு வருகிறது.

காதைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நம் எழுத்தில் ஒரே 'க' கல்லில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. இடத்தைப் பார்த்து நாம் தானாகவே மாற்றிக்கொள்கிறோம். தனித்தனி எழுத்து தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது. கிரிக்கெட் மட்டையும் 'பேட்', முதுகில் செல்லமாகத் தட்டுவதும் 'பேட்' என்றுதான் இந்தக் கடிதத்தில் என்னால் எழுத முடிகிறது. அங்கே இரண்டுக்கும் முதலெழுத்து வேறு. எங்கள் தெருவில் மின்விசிறியும் 'பேன்', தோசை சுடுவதும் 'பேன்', தலையில் ஊர்வதும் 'பேன்'. இந்த வேறுபாட்டைக் காது முதலில் பிரித்துக் கேட்க வேண்டும். அப்புறம்தான் கண்ணும் கையும். கேட்கவே கேட்காத வேறுபாட்டை எழுதச் சொன்னால், எந்தப் பக்கம் வயிறு போடுவது என்று பிள்ளை திணறாமல் என்ன செய்யும்?

2019 ஜனவரியில் தமிழகத்தில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தொடங்கினார்கள். எங்கள் நடுநிலைப் பள்ளி வளாகத்து மையமும் அதில் ஒன்று. ஓய்வுபெற நாலே மாதம் இருந்த என்னை அங்கே போகச் சொன்னார்கள். முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். மூக்கு ஒழுகும் 17 பிள்ளைகள். ஆனால் சொல்கிறேன், என் 33 வருடத்தில் ஆங்கிலத்தை நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தது அந்த நாலு மாதம்தான்.

பென்சிலைத் தொடவே இல்லை. "ஸ்டேண்ட் அப், டச் யுவர் நோஸ், ஜம்ப்" என்று காலையில் கூத்தடிப்போம். சத்துணவுக் கூடத்திலிருந்து கத்திரிக்காய், கேரட், முட்டை வாங்கி வந்து ஆங்கிலத்திலேயே கடை போடுவோம். அப்புறம் ஒலி விளையாட்டு: 'ம்' என்று தொடங்கும் பொருளை அறைக்குள் தேடு என்றால் மேட், மிரர் என்று ஓடும். ஒருத்தி என் மூக்குத்தியைத் தொட்டு "மூக்கு" என்றாள். அதையும் ஒத்துக்கொண்டேன்; ஒலி சரிதானே! விரல் பழக உளுந்தும் துவரையும் கலந்து பிரிக்கச் சொல்வேன், களிமண் உருட்டச் சொல்வேன். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதவிட்டார்கள். நாம் இன்றும் விஜயதசமிக்குத் தட்டில் அரிசி பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுகிறோம். மறுநாளே பென்சிலைத் திணித்துவிடுகிறோம்.

மூன்றாவது மாதம் ஒரு சின்னவள் சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக்கொண்டு வந்து, "டீச்சர், என் பேருக்கு மொதல்ல எது வரும்?" என்று கேட்டாள். தரையில் பெரிதாக எழுதிக் காட்டினேன். அன்று மாலைக்குள் சுவர் பாழ். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உப்புத்தாள் எழுத்தை விரலால் தடவிப் பழகிய பிள்ளைகள் ஒருநாள் தாமாகவே எழுதக் கிளம்பிவிடும் என்று சொன்னவர் அவர். ஆகவே கேட்கிற பிள்ளையிடமிருந்து பென்சிலைப் பிடுங்கச் சொல்ல மாட்டேன். கேட்காத பிள்ளையின் கையில் திணிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அப்படியானால் எப்போது என்றால், என் பதில் இது. எல்கேஜி, யுகேஜி இரண்டு வருடமும் ஆங்கிலம் காதோடும் வாயோடும் இருக்கட்டும். படம் பார்த்துக் கதை கேட்கட்டும். பிள்ளை தமிழில் இரண்டு மூன்றெழுத்துச் சொற்களைத் தானே கூட்டிப் படிக்கத் தொடங்கியதும், அதாவது பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பின் முதல் பாதியில், ஆங்கில எழுத்தை ஒலியாக அறிமுகம் செய்யலாம். 26 எழுத்தையும் வரிசையாகக் கொட்டத் தேவையில்லை. ஸ், ட், ப், ன் என்று நாலு மெய்யும் மூன்று உயிரும் போதும். உட்கார்ந்தான், குண்டூசி, தகரம், தட்டு, பத்து, வலை என்று பொருள்படும் பத்துப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் அதற்குள்ளேயே கிடைக்கும், அவற்றில் பாதியைப் பிள்ளை ஏற்கெனவே பேசியிருக்கும். படிப்பு முன்னால் போகட்டும், எழுத்து ஒரு பருவம் பின்னால் வரட்டும். எழுத்துகளைச் சேர்த்து எழுதும் கர்சிவ்வை யுகேஜியில் கேட்பவர்களிடம் பேச எனக்குப் பொறுமை இல்லை.

மூன்றாம் வகுப்பு வரை ஆங்கிலமே வேண்டாம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. அப்படித் தள்ளிப்போட்டுப் பார்த்த தலைமுறை எங்களுடையது. காது திறந்திருக்கும் வயதை வீணாக்கிவிட்டு, பிறகு எழுத்தையும் பேச்சையும் ஒரே மூட்டையாகத் தலையில் ஏற்றினோம்.

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலேயே அரசு வைத்த இலக்கு, எட்டு வயதுக்குள் பிள்ளை புரிந்து படிக்க வேண்டும் என்பதுதான். எட்டு வயது வரை நேரம் இருக்கும்போது நாலே காலில் டைரியில் குறை எழுதுவது ஏன்? பள்ளிகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கட்டணம் கட்டிய பெற்றோருக்குக் கையில் ரசீது மாதிரி ஏதாவது வேண்டியிருக்கிறது. காதில் ஏறியதற்கு ரசீது கிடையாது. நிறைந்த நோட்டுதான் ரசீது. சாயங்காலம் பையைத் திறந்து "இன்னைக்கு என்ன எழுதின?" என்று கேட்கிறோம். "இன்னைக்கு என்ன கதை கேட்ட?" என்று எத்தனை வீட்டில் கேட்கிறார்கள்?

உங்கள் நாளிதழில் பள்ளிச் சேர்க்கை நேரத்தில் பக்கம் பக்கமாக விளம்பரம் வருகிறது. அதே வாரம் ஒரு அரைப்பக்கத்தை இதற்கும் ஒதுக்கினால் நல்லது. மழலையர் வகுப்பு எடுப்பவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

எதிர்வீட்டு மருமகளிடம், "பிள்ளை இப்போது எழுத வேண்டாம், வகுப்பில் பேசிப் பழக்குங்கள்" என்று டைரியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். பயந்துகொண்டே போட்டார். பத்து நாள் ஆயிற்று, பதில் வரவில்லை. குழந்தை தினமும் மாலை எங்கள் வீட்டுக்கு வருகிறாள். நேற்று எங்கள் நாயைப் பார்த்து "சிட் டவுன்" என்றாள். அது உட்காரவில்லை. நோட்டில் இன்னும் 11 பக்கம் பாக்கி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை,
சின்னமனூர், தேனி மாவட்டம்.