பள்ளி உணவகங்களில் கதிரூட்டிய உணவு: கொள்முதல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கிருமிகளை அழிப்பதற்காகக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்ட, அதாவது கதிரூட்டிய, இறைச்சியையும் பிற பொருட்களையும் பள்ளி உணவகங்களில் பரிமாறுவது குறித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரில் ஒருவராக எழுதுகிறேன். கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள் உமிழும் காமாக் கதிர் பட்டதால் உணவு கதிரியக்கம் உடையதாகிவிடாது என்பதை அறிவேன். அந்த அச்சத்தைக் கிளப்புவது என் நோக்கமன்று. உணவு ஏற்கும் கதிர்வீச்சின் அளவு 10 கிலோகிரே (அதை அளக்கும் அலகு) வரை இருந்தால் நச்சு அபாயம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் பங்கேற்ற வல்லுநர் குழு 1980-இல் கூறியதையும் மறுக்கவில்லை. ஆனால், எங்கள் பிள்ளைகளின் தட்டில் விழுவது என்னவென்று எங்களுக்குத் தெரிவிக்காமலே முடிவெடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடையில் வாங்கும் பொட்டலத்தில் கதிரூட்டியதைக் காட்டும் பச்சை நிறச் சின்னமும் அறிவிப்பும் இருந்தால், வேண்டாம் என்று வைத்துவிட்டு வரலாம். பள்ளிச் சமையலறைக்கு வரும் அட்டைப்பெட்டியிலும் அவை இருக்கக்கூடும். பெட்டியைப் பிரித்துச் சமைத்தபின், வரிசையில் தட்டேந்தி நிற்கும் குழந்தைக்கு அதைச் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. அமெரிக்காவில் பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்குக் கதிரூட்டிய அரைத்த மாட்டிறைச்சியைப் பெற 2004-இல் வழி திறக்கப்பட்டபோதும், சில்லறை விற்பனைக்குக் கட்டாயமான அந்த அறிவிப்பு சமைத்துப் பரிமாறும் உணவுக்குக் கட்டாயமாக்கப்படவில்லை.

கதிரூட்டல் ஈ.கோலை, சால்மொனெல்லா ஆகிய நோய் தரும் பாக்டீரியாக்களைப் பெருமளவு அழிக்கும் என்பது உண்மையே. எனினும், வைரஸ்கள் அதற்கு எளிதில் மடிவதில்லை. அதன்பின் கழுவாத கையும் வெட்டுப்பலகையும் பட்டால் இறைச்சி மீண்டும் மாசடையும். இறைச்சிக்கூடத்தில் சாணம் படாமல் காக்க வேண்டிய கடமையைத் தட்டிக்கழிக்க இந்தத் தொழில்நுட்பம் சாக்காகிவிடக் கூடாது என்பதே என் பெரிய கவலை. தயாமின் (வைட்டமின் பி1) போன்ற வைட்டமின்கள் ஓரளவு குறைவதையும், நாளின் முதன்மையான உணவைப் பள்ளியிலேயே உண்ணும் பிள்ளைகளின் பொருட்டு நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் கதிரூட்ட அனுமதிக்கும் உணவுகளுக்கென 1999-இல் வகுத்த பொதுப் பட்டியலில் உலர்ந்த மூலிகைகளும் மசாலாப் பொருட்களும் மட்டுமே இடம்பெற்றன என்பதையும் நினைவூட்டுகிறேன்.

ஆகவே, இத்தகைய பொருளை வாங்குமுன் பெற்றோரின் கருத்தைக் கேளுங்கள். வாங்கினால் அன்றன்றைய உணவுப் பட்டியலில் வெளிப்படையாக எழுதி, விரும்பாத பிள்ளைக்கு அதே தரத்தில் மாற்று உணவு வழங்குங்கள். அடுத்த கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் எழுத்துமூலம் பதிலளிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்