மூன்று பக்கத்தில் ஆரம்பிக்கட்டும்

தருமபுரி

அன்பு நண்பனுக்கு,

கடிதம் வந்தது. தோப்பில் காய் குறைவு என்று படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. தங்கச்சிக்கு முட்டி வலி தேவலையா?

பாப்பா நெட்வொர்க்கிங் படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு எதையும் காசு கொடுத்து வாங்காதே. இன்டர்நெட் ஓடும் விதிகளை எழுதியவர்களே ஆர்.எஃப்.சி என்ற பெயரில் எண் போட்ட ஆவணங்களாக இலவசமாக வைத்திருக்கிறார்கள். 1969 ஏப்ரலில் ஸ்டீவ் க்ராக்கர் எழுதியது முதலாவது. இன்று வரிசை எண் 9000-ஐத் தாண்டிவிட்டது. எதில் ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் பிள்ளைகள் மிரண்டு போகிறார்கள்.

768-ம் எண்ணில் ஆரம்பிக்கச் சொல். தகவலைச் சின்னச் சின்னப் பாக்கெட்டாக அனுப்பும் எளிய முறையான யுடிபி பற்றி ஜான் போஸ்டல் 1980-ல் எழுதியது, மூன்றே பக்கம். பாக்கெட்டின் தலைப்பகுதியான ஹெட்டர் மொத்தம் 8 பைட்: அனுப்பும் போர்ட் (போர்ட் என்றால் எந்த நிரல் என்று சொல்லும் எண்), சேரும் போர்ட், நீளம், பிழை பார்க்கும் செக்சம், ஒவ்வொன்றும் 2 பைட். படித்த கையோடு லேப்டாப்பில் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டு, என்எஸ்லுக்கப் கட்டளையில் ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு முகவரி கேட்கட்டும். போகிற பாக்கெட்டில் சேரும் போர்ட் இருக்கும் இடத்தில் 00 35 என்று தெரியும். பதினாறடிமான எண்ணில் 35 என்றால் 53, தளத்தின் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் போர்ட். தாளில் படித்த கட்டத்தைத் திரையில் முதல் தடவை பார்க்கிற சந்தோஷத்தை அவள் அனுபவிக்கணும்.

அப்புறம் 1180. 1991-ல் பாடம் மாதிரியே எழுதியது. ஐபி முகவரிக்கு உரிய வன்பொருள் முகவரியைக் கண்டுபிடிக்கும் ஏஆர்பி, பாக்கெட்டுக்கு வழி பார்க்கும் ரூட்டிங் எல்லாம் அட்டவணை போட்டு விளக்கியிருக்கும். அது முடிந்தால், பாக்கெட்டை முகவரி போட்டு அனுப்பும் ஐபிக்கு 791. தகவல் தொலையாமல் வரிசையாகப் போய்ச் சேரப் பார்த்துக்கொள்ளும் டிசிபி கடைசியில் போதும். அதற்குப் பலரும் இன்னும் 793-ஐத்தான் சொல்வார்கள். 2022-ல் அதற்குப் பதிலாக 9293 வந்துவிட்டது, அதைப் படிக்கட்டும்.

இதையெல்லாம் நான் அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். பாலக்கோட்டில் ஒரு அலுவலகத்தில் காலையில் சில கம்ப்யூட்டருக்கு நெட் வரும், சிலதுக்கு வராது. இரண்டு நாள் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ராத்திரி வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டருக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபிக்கான 2131-ஐப் பிரித்தால் ஒரு படம்: நடுவில் முகவரி கேட்கும் கிளையன்ட், இரண்டு பக்கமும் முகவரி கொடுக்கும் இரண்டு சர்வர். கிளையன்ட் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கூவுகிறது, இரண்டுமே முகவரி தர முன்வருகின்றன, ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. மறுநாள் பாக்கெட்டைப் பிடித்தேன். பதில் இரண்டு இடத்திலிருந்து வந்தது. மேசைக்கு அடியில் யாரோ ஒரு வைஃபை ரௌட்டரைச் சொருகி வைத்திருந்தார்கள், அதுதான் இரண்டாவது சர்வராக முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. பிடுங்கியதும் சரியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி வருகிறேன். பழைய ரௌட்டர் இரண்டு கிடக்கிறது, கொண்டுவருகிறேன். அதற்குள் பாப்பா 768-ஐ முடித்து வைக்கட்டும். 2131-ல் இருக்கும் அந்தப் படத்தில் நடப்பதை வீட்டிலேயே செய்து பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
உன் நண்பன்