டோகோனாமே தொட்டி

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முட்டி வலிக்கு டாக்டரிடம் போனாயா, இல்லை இன்னும் தைலம்தானா? நகோயாவில் குளிர் இன்னும் விட்டபாடில்லை. மற்றபடி சௌக்கியம்.

தொட்டியிலேயே குட்டையாக வளர்க்கிறாயே, அந்தப் புளியமரத்துக்குப் போன்சாய் தொட்டி பற்றிக் கேட்டிருந்தாய். அதற்கென்றே பேர்போன டோகோனாமே என்ற ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது. ஜப்பானின் பழைய ஆறு மண்பாண்டச் சூளை ஊர்களில் ஒன்று. 2005இல் கடலுக்குள் திறந்த விமான நிலையம் இந்த ஊர்க்கரையில்தான். ஊருக்குள் ஒரு மேட்டுப்பாதையின் இருபக்கச் சுவரும் பழைய சுடுமண் குழாய்களையும் சாராய ஜாடிகளையும் அடுக்கிக் கட்டியவை. 1887இல் கட்டிய சரிவுச் சூளை ஒன்று பத்துப் புகைபோக்கிகளோடு நிற்கிறது. 1974 வரை அதில் சுட்டிருக்கிறார்கள்.

சூளையில் உருகிப் பளபளவென்று படியும் கண்ணாடிப் பூச்சு இல்லாத தொட்டியைச் செய்வதுதான் சிரமம் என்று எனக்குத் தோன்றுகிறது. பூச்சு இருந்தால் சின்னக் கோணல் அதில் மறையும். இதில் விரல் பட்ட தடம்கூடத் தெரியும். அதிலும் செவ்வகத் தொட்டி! சக்கரத்தில் வராது. மண்ணைப் பலகையாகத் தட்டி ஒட்ட வேண்டும், அல்லது அச்சில் அழுத்தி எடுக்க வேண்டும். அவசரமாகக் காய்ந்தால் மூலை விரியும், நீளப் பக்கம் வளையும். காய்ந்து சுட்டு முடிவதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும், அதையும் முதலிலேயே கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும். பாதி காய்ந்த பதத்தில் வழவழப்பான கருவியால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். மண்ணில் இரும்பு அதிகம். சூளையில் காற்று தாராளமாக இருந்தால் செங்கல் நிறம் வரும், காற்றைக் குறைத்தால் அதே மண் கறுக்கும்.

பூச்சில்லாத தொட்டி மூச்சு விடும், வேருக்கு நல்லது என்று எழுதியிருந்தாயே, அது நம்மூர் மண்பானைக்குச் சரி. கசிவதால்தானே அதில் தண்ணீர் குளிர்கிறது? இந்தத் தொட்டியை 1100 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். மண் இறுகி, தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது. உறிஞ்சினால் இங்கத்தைய குளிரில் அந்த நீர் உறைந்து தொட்டி வெடித்துவிடும். வேருக்குக் காற்று கிடைப்பது அடியில் இருக்கும் பெரிய ஓட்டைகளாலும் குருணை குருணையான மண்ணாலும்தான். பூச்சுத் தொட்டியிலும் உள்பக்கம் பூசாமல்தான் விடுகிறார்கள்.

பைன், ஜூனிபர் போன்ற ஊசியிலை மரங்களுக்குப் பூச்சில்லாதது, பூ காய் மரங்களுக்குப் பூச்சுள்ளது என்பது இங்கே வழக்கம். உன் புளியமரத்துக்கு இதையெல்லாம் பார்க்காதே. அந்த முரட்டு அடிமரத்துக்குச் செங்கல் நிறம்தான் எடுப்பு. பழைய தொட்டிகளுக்குத்தான் மதிப்பு அதிகம். பல வருஷம் கை பட்டு, தண்ணீர் பட்டு ஏறிய மங்கல் மெருகைத் தேய்த்துக் கழுவ மாட்டார்கள். ஆனால் அந்த விலை நம்மால் ஆகாது. புதுசே வாங்குவோம்.

தொட்டியின் உயரம் அடிமரத்தின் தடிமன் அளவு, நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பது பொதுக் கணக்கு. இரண்டையும் அளந்து, ஒரு படமும் எடுத்து அனுப்பு. தபாலை நம்ப முடியாது, நானே ஊருக்கு வரும்போது பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ரவி