ஆக்ஸிலரேட்டரின் முதல் கால் பங்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் புதிதாகக் கார் வாங்குவோருக்காக நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். மைலேஜ், ஏர்பேக், டிக்கியின் கொள்ளளவு, 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி என்று எல்லாமே இருந்தது. ஆக்ஸிலரேட்டரைப் பற்றி ஒரே ஒரு வரிதான். வண்டி ஓடும் விதத்தை மாற்றும் பொத்தானை அழுத்தி ஸ்போர்ட் மோடில் போட்டால் இன்ஜினின் சக்தி கூடும் என்று எழுதியிருந்தீர்கள். அது சரியில்லை. ஆனால் அந்தப் பிழைக்காக மட்டும் நான் எழுதவில்லை. நாள் முழுக்க நம் காலுக்கு அடியிலேயே இருக்கும் ஒரு விஷயத்தை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லையே என்ற வருத்தத்தில் எழுதுகிறேன்.

சேலத்தில் 26 வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் என்னிடம் பழகியவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். கியர் மாற்றி ஓட்டும் பழைய சின்னக் காரை இத்தனை வருடமும் நிதானமாக ஓட்டியவர். சென்ற மார்கழியில் மகன் புதிய கார் வாங்கிக் கொடுத்தான். கிளட்ச் மிதி இல்லாமல், கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. வகை. ஏற்காட்டுக்குப் போகும்போது ஏழாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி தயங்கியிருக்கிறது. மிதித்தார், இழுக்கவில்லை. இன்னும் மிதித்தார். அடுத்த கணம் வண்டி பாய்ந்து ஓரத்துச் சுவரில் உரசி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றிலிருந்து டீச்சர் சாவியைத் தொடவில்லை. “வயசாயிடுச்சு தம்பி, கால் நிதானம் போயிடுச்சு” என்றார். எனக்கு மனசு தாங்கவில்லை. அவர் கால் நிதானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருந்த ஏற்பாடு மாறிவிட்டது. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவருடைய பழைய காரில் மிதியிலிருந்து ஒரு கேபிள் நேராகப் போய் இன்ஜினுக்குக் காற்று விடும் தட்டைத் திறக்கும். கால் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு திறப்பு. குழாயைத் திருகுவது போலத்தான். இன்றைய கார்களில் அந்தக் கேபிளே இல்லை. 1980-களின் கடைசியில் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ் போன்ற விலையுயர்ந்த கார்களில் வந்த மின்னணு முறை, இப்போது சாதாரணக் குடும்பக் கார் வரை வந்துவிட்டது. மிதியில் இருக்கும் சென்சார் கால் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். எந்தக் கியர், என்ன வேகம், ஏ.சி. ஓடுகிறதா, புகை விதி என்ன என்பதையெல்லாம் பார்த்துவிட்டு, எவ்வளவு இழுவை கொடுக்கலாம் என்று கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. காற்றுத் தட்டைத் திறப்பது ஒரு சின்ன மோட்டார். நம் கால் கொடுப்பது மனு மட்டுமே.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. மிதியில் ஒன்றுக்கு இரண்டு சென்சார் வைத்திருப்பார்கள். இரண்டும் சொல்வது ஒத்துப்போகாவிட்டால், எச்சரிக்கை விளக்கு எரிந்து, வீடு போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் வண்டி மெதுவாக ஓடும். 2009, 2010-இல் டொயோட்டா கார்கள் தானாக வேகமெடுக்கின்றன என்று அமெரிக்காவில் பெரிய புகார் எழுந்து, லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அரசு நாசா பொறியாளர்களை வைத்தே ஆராய்ந்தது. அப்படிப்பட்ட பயங்கர வேகத்துக்கு மின்னணுக் கோளாறு காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2011-இல் அறிக்கை வந்தது. வெளியே தெரிந்த காரணங்களில் ஒன்று, மிதியில் போய் மாட்டிக்கொண்ட தரை விரிப்பு. நம் ஊரில் கம்பெனி விரிப்பின் மேலேயே இன்னொரு ரப்பர் விரிப்பைப் போடுகிறார்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடச் சொல்லி எழுதுங்கள்.

மிதியின் கனமும் இப்போது செயற்கைதான். முன்பு கேபிளின் இழுவை காலில் தெரியும். இப்போது மிதிக்குள்ளேயே ஸ்பிரிங்கும் கொஞ்சம் உரசலும் வைத்திருக்கிறார்கள். அந்த உரசல் வேண்டுமென்றே வைத்தது. அழுத்துவதற்கு வேண்டிய பலத்தைவிட அதே இடத்தில் பிடித்து வைக்கக் குறைவான பலம் போதும். அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் அரை மணியில் கால் கடுத்துவிடும். குண்டும் குழியுமான சாலையில் கால் ஆடும்போதெல்லாம் வண்டியும் உதறும்.

இப்போது ஸ்போர்ட் மோடுக்கு வருகிறேன். பெரும்பாலான கார்களில் மிதியைத் தரை வரை அழுத்தினால் எந்த மோடிலும் கிடைக்கும் சக்தி ஒன்றுதான். சில கார்கள் பெட்ரோலை மிச்சப்படுத்தும் ஈகோ மோடில் சக்தியைக் குறைத்தும் கொடுக்கும், அது வேறு. மாறுவது நடுவில் உள்ள கணக்கு. கால் பங்கு மிதித்தால் ஸ்போர்ட்டில் பாதி இழுவையைக் கொடுத்துவிடுவார்கள், ஈகோவில் அதற்கும் மிகக் குறைவாகக் கொடுப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னாலேயே அள்ளிக் கொடுப்பதால் வண்டிக்குப் பலம் கூடிவிட்டதாகக் காலுக்குத் தோன்றுகிறது. ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் ‘பிக்கப் பெட்டி’களும் செய்வது இதே வேலையைத்தான். மிதி சொல்லும் செய்தியைப் பெரிதாக்கிச் சொல்கின்றன. இன்ஜினில் ஒரு குதிரைத் திறன்கூடச் சேர்வதில்லை. என் மாணவன் ஒருவன் அதை மாட்டிக்கொண்டு, அப்புறம் பேருந்து நிலைய நெரிசலில் வண்டியை மெதுவாக நகர்த்தவே முடியாமல் தவித்தான்.

ஆனால் எல்லாத் தாமதத்துக்கும் மிதி காரணமில்லை. எனக்கு முக்கியமாகப் படும் விஷயம் இதுதான். சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின்களில், புகை வேகமாக வெளியேறி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ விசிறியைச் சுழற்றினால்தான் முழு இழுவை வரும். இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்றுக்குக் கீழே இருந்தால் அது பாதித் தூக்கத்தில் இருக்கும். அங்கே கால் கொடுத்துப் பயனில்லை, கியரைத்தான் இறக்க வேண்டும். ஏ.எம்.டி. கதை வேறு. உள்ளே இருப்பது நம் பழைய கியர் பெட்டியேதான். கிளட்சை மிதிக்கும் வேலையையும் கியர் போடும் வேலையையும் இயந்திரம் செய்கிறது. கியர் மாற்றும் அந்த ஒரு கணம் கிளட்ச் விலகியிருப்பதால் இன்ஜின் இழுவை சக்கரத்துக்குப் போகாது. நாம் கையால் மாற்றும்போதும் அதே இடைவெளி இருந்தது. ஆனால் மாற்றுவது நாமே என்பதால் கால் தானாக எழும்பிவிடும். இப்போது அந்த இடைவெளி எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. டீச்சருக்கு நடந்தது இதுதான். கியர் இறங்கும் நேரத்தில் வண்டி தயங்க, அவர் கூடுதலாக மிதித்தார். கியர் விழுந்ததும், அவர் மிதித்திருந்த அத்தனைக்கும் சேர்த்து வண்டி பாய்ந்தது.

மூன்று நாள் காலையில் அவருடன் உட்கார்ந்தேன். முதல் நாள் காலி மைதானத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே வண்டி எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கச் சொன்னேன். குதிகாலைத் தரையில் ஊன்றி, விரல் பக்கத்தால் மட்டும் அழுத்தச் சொன்னேன். செருப்பைக் கழற்றி வைத்ததும் அதுவே பாதி சரியாகிவிட்டது. மறுநாள் மேட்டில், கியரை நாமே மாற்றும் மேனுவல் நிலைக்குத் தள்ளி, வளைவுக்கு முன்னாலேயே கியரை இறக்கிவிட்டு, அப்புறம் கால் கொடுக்கப் பழகினார். தயங்கினால் இன்னும் மிதிக்காமல், கால் இருக்கும் இடத்திலேயே ஒரு மூச்சு விடும் நேரம் பொறுக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் ஏற்காட்டின் இருபது வளைவுகளையும் அவரே ஏறினார். ஏழாவதில் மட்டும் பேசுவதை நிறுத்தினார்.

இறங்கும்போது பழைய பழக்கத்தில் நியூட்ரலில் விடப் போனார். தடுத்தேன். கியரில் இருக்கும்போது காலை முழுதாக எடுத்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலிலோ இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் குடிக்கும். பிரேக்கும் சூடாகும்.

இன்னொன்றும் கேட்டார். காலை எடுத்த பிறகும் இன்ஜின் சுற்று உடனே இறங்காமல் நிற்கிறதே, கேபிள் சிக்கிவிட்டதா என்றார். கேபிளே இல்லை டீச்சர் என்றேன். காற்றுத் தட்டைச் சட்டென்று மூடினால் எரியாத பெட்ரோல் புகையோடு போகும். அதனால் பல கார்களில் மெதுவாகத்தான் மூடுவார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் இதே சந்தேகத்தோடு நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். மின்சாரக் காரில் இன்னொரு பாடம் வேறு. அங்கே பல வண்டிகளில் காலை எடுப்பதே பிரேக் போடுவது மாதிரி. சட்டென்று எடுத்தால் பின்னால் இருப்பவர் தலை முன்னே வரும்.

ஷோரூமில் சோதனை ஓட்டம் என்று காலியான பைபாஸில் பத்து நிமிடம் கூட்டிப் போகிறார்கள். அங்கே எந்தக் காரும் நன்றாகத்தான் ஓடும். உங்கள் நிருபர்கள் அடுத்த காரைச் சோதிக்கும்போது மாலை ஆறு மணிக்குக் கடைத்தெருவில் ஊர்ந்து பாருங்கள். மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மோடிலும் மிதியின் முதல் கால் பங்கில் வண்டி எப்படிக் கிளம்புகிறது, விட்டால் எப்படி அடங்குகிறது என்று ஒரு பத்தி எழுதுங்கள். 100 கிலோமீட்டர் விநாடிக் கணக்குக்கு ஒதுக்கும் இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர் ஒருவர்,
சேலம்.